பழைய கார்புரேட்டர் வண்டியில் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல்: ஹோஸ் ஊறிப்போய்விட்டது, அடுத்து எது போகும்?

#1 சோக்குக்கேபிள்

வணக்கம். வண்டி 1991 மாடல். கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு விடுகிற பாகம்), இன்ஜினோடு ஒட்டிய மெக்கானிக்கல் பம்ப். அப்பா ஓட்டிய வண்டி, இப்போது என் கையில். வாரத்துக்கு ஒரு தடவை எடுத்தாலே அதிகம்.

போன ஞாயிறு பானட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகிற ஹோஸை விரலால் அழுத்திப் பார்த்தேன். நனைந்த அட்டை மாதிரி அமுங்கியது. விரலில் கருப்பாக மை ஒட்டிக்கொண்டது. துணியால் துடைத்தேன், துணியும் கருப்பு. கிளிப் இறுக்கியிருந்த இடத்தில் நூலிழை போல வெடிப்புகள், அவற்றில் ஈரம்.

இன்னொன்று. சோக்கை (குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டுகிற இழுப்பு) உள்ளே தள்ளிய பிறகு ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு கணம் திணறிவிட்டுத்தான் ஏறுகிறது. முன்பு இப்படி இல்லை.

பார்த்த மெக்கானிக் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "எல்லாம் எத்தனால் செய்கிற வேலை, வண்டியைக் கொடுத்துவிடுங்கள்." கொடுக்க மனசில்லை. உண்மையிலேயே எத்தனால்தான் காரணமா? ஆமென்றால் ஹோஸுக்கு அடுத்து எது போகும்?

#2 நாலாம்கியர்

பயப்பட ஒன்றுமில்லை நண்பரே. என்னுடையது 1999 மாடல். இரண்டு வருஷமாக இ20தான் போடுகிறேன். மைலேஜ் கொஞ்சம் இறங்கியது, அவ்வளவுதான். முப்பது வருஷத்து ரப்பர் எந்தப் பெட்ரோலிலும் போகத்தான் செய்யும். ஹோஸை மாற்றிவிட்டு ஓட்டுங்கள்.

#3 கரிப்பிடித்தகை

நாலாம்கியர் தம்பி, உங்களுடையது இன்ஜெக்‌ஷனா, கார்புரேட்டரா? அதைச் சொல்லாமல் பயப்பட ஒன்றுமில்லை என்றால் எப்படி?

#4 நாலாம்கியர்

இன்ஜெக்‌ஷன்தான் அண்ணே. பெட்ரோல் ஒன்றுதானே, அதில் என்ன வந்தது?

#5 கரிப்பிடித்தகை

நிறைய வந்தது. உங்கள் வண்டியின் சைலன்சர் பைப்பில் ஓர் ஆக்ஸிஜன் சென்சார் உட்கார்ந்திருக்கிறது. கலவையில் காற்று கூடிப் பெட்ரோல் குறைந்தால் அது இசியுவுக்கு, அதாவது இன்ஜினின் கணினிக்குச் சொல்லும். இசியு இன்ஜெக்டரை இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வைக்கும். ஸ்கேனர் மாட்டினால் ஃபியூயல் ட்ரிம் (பெட்ரோல் அளவில் அது செய்கிற திருத்தம்) ப்ளஸ்ஸில் நிற்பது தெரியும். உங்களுக்குத் தெரியாமலே வண்டி தன்னைச் சரிசெய்துகொள்கிறது.

கார்புரேட்டருக்கு அந்த மூளை கிடையாது. பித்தளையில் போட்ட ஓட்டைதான் ஜெட். அதில் ஓடுவது பெட்ரோலா எத்தனாலா என்று ஓட்டைக்குத் தெரியாது. எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும், ஆனால் ஜெட் பழைய கணக்கிலேயே விடுகிறது. அதனால் கலவை லீன் (பெட்ரோல் குறைவு) ஆகும். சோக்கு போட்டிருக்கும்வரை கலவை ரிச் (பெட்ரோல் அதிகம்), அதனால் குறை தெரியாது. சோக்கை எடுத்ததும் திணறும். சோக்குக்கேபிள் தம்பி சொல்வதும் இதைத்தான்.

ஹோஸ் விஷயத்தில் நாலாம்கியர் சொல்வது பாதி சரி. பழைய ரப்பர் காய்ந்து விறைத்து வெடிக்கும். அது வயசு. ஆனால் ஊறி, மெத்தென்று ஆகி, கையில் கருப்பு விடுகிறதென்றால் அது வயசு மட்டுமில்லை.

#6 ரசாயனி

கரிப்பிடித்தகை அண்ணன் சொன்னதற்குக் கொஞ்சம் எண்கள் சேர்க்கிறேன். நான் படித்தது வேதியியல். வண்டியில் கை வைக்கத் தெரியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், ஏனென்றால் அதன் மூலக்கூறிலேயே ஓர் ஆக்ஸிஜன் இருக்கிறது. 20 சதவீதம் கலந்தால் தேவை 13.5க்கு வந்துவிடும். பழைய ஜெட் 14.7க்கு ஏற்ப விட்டால் கலவை ஏழெட்டு சதவீதம் லீன். இ10 என்றால் இதில் பாதி. அதனால்தான் இ10 வரைக்கும் பல பழைய வண்டிகள் முனகாமல் ஓடின. முதலிலேயே கொஞ்சம் ரிச்சாக டியூன் செய்த வண்டி என்றால் இன்னும் நல்லது, அது இப்போதுதான் சரியான இடத்துக்கு வந்திருக்கும்!

ஆற்றல் கணக்கு தனி. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல், எத்தனாலில் 21. இ20இல் லிட்டருக்கு ஆறேழு சதவீதம் குறைவு. ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் திறன்) பக்கம் எத்தனால் கெட்டிக்காரன், ஆர்ஓஎன் என்கிற ஆக்டேன் எண் 108 வரும். பழைய வண்டியில் மேடு ஏறும்போது நாக்கிங் (கலவை தானாக வெடித்து இன்ஜின் தட்டுவது) வந்துகொண்டிருந்தால் அது குறையும். ஆனால் கம்ப்ரஷன் குறைவான பழைய இன்ஜினுக்கு அந்த ஆக்டேனால் வேறு லாபம் இல்லை.

ஆவியாவதற்கு எத்தனால் எடுக்கிற வெப்பம் பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். குளிரில் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்வது இதனால்தான். பிரேசிலில் 1979இல் வந்த ஃபியட் 147, முழு எத்தனாலில் ஓடிய கார். அந்தத் தலைமுறை எத்தனால் கார்களில் பானட்டுக்குள் சின்னதாக ஒரு பெட்ரோல் டப்பா தனியாக இருக்கும், காலையில் ஸ்டார்ட் செய்ய மட்டும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

#7 கணக்கன்

எல்லாம் சரி, ஆனால் பேசவேண்டியதை யாரும் பேசவில்லை. மைலேஜ் "கொஞ்சம்" இறங்கியது என்கிறார் நாலாம்கியர். இந்தியாவில் நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையே, இ0வுக்காக (எத்தனால் இல்லாத பெட்ரோல்) வடிவமைத்து இ10க்கு ஒத்திசைத்த நாலு சக்கர வண்டிகளில் இ20 போட்டால் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்கிறது. அரசாங்கத் தரப்புக் கணக்கே இது. குறைந்த ஆற்றலுள்ள லிட்டரை முழு லிட்டராக வாங்குகிறோம். பழைய வண்டிக்காரன் ஹோஸும் ஜெட்டும் மாற்றுகிற செலவு அதற்கு மேல்.

மற்ற இடங்களில் பாருங்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பரில் சாதாரண பெட்ரோலை இ10 ஆக்கினார்கள். ஆனால் பழைய வண்டிகளுக்காக சூப்பர் கிரேடில் இ5ஐ விட்டுவைத்தார்கள். அமெரிக்காவில் இ15 போடலாம் என்று சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏ அனுமதித்தது 2001 மாடலிலிருந்து வந்த கார்களுக்கு மட்டும்தான். மோட்டார்சைக்கிளுக்கும் படகுக்கும் கூடவே கூடாது. அதாவது பழைய வண்டி என்று ஒன்று இருக்கிறது என்பதை அங்கே ஒத்துக்கொள்கிறார்கள். என் வாதம் எத்தனால் கெட்டது என்பதல்ல. பங்கில் இரண்டு குழாய் இருக்கவேண்டும், எதை எடுப்பது என்பதை நான் முடிவு செய்யவேண்டும்.

#8 நாலாம்கியர்

> பங்கில் இரண்டு குழாய் இருக்கவேண்டும்

பிரேசிலில் 1975 முதல் எத்தனால் திட்டம் ஓடுகிறது. 2015இல் 27 சதவீதம், 2025 ஆகஸ்டில் 30 சதவீதம். அங்கே என்ன எல்லா வண்டியும் நடுத்தெருவில் நின்றுவிட்டதா?

#9 கரிப்பிடித்தகை

அந்த ஊர் வண்டி அதற்கென்றே செய்த வண்டி தம்பி. கார்புரேட்டர் காலத்திலேயே உள்ளே நிக்கல் பூச்சு, டேங்குக்கும் தனிப் பூச்சு. பிரேசிலைக் காட்டி 1991 மாடலுக்குச் சமாதானம் சொல்லாதீர்கள்.

#10 புதுச்சாவி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஒரு வீடியோவில், கேன் பெட்ரோலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் எத்தனால் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும், மேலே நிற்கிற சுத்தப் பெட்ரோலை ஊற்றிக்கொள்ளலாம் என்று காட்டினார்கள். இதைச் செய்தால் பிரச்சினையே இல்லையே?

#11 ரசாயனி

வேண்டாம் தம்பி, சத்தியமாக வேண்டாம். பிரிவது உண்மைதான். ஆனால் அந்தப் பெட்ரோலின் ஆக்டேன் எத்தனாலையும் சேர்த்துக் கணக்குப் போட்டது. எத்தனாலை எடுத்துவிட்டால் மேலே மிஞ்சுவது பங்கில் விற்க லாயக்கில்லாத, ஆக்டேன் குறைந்த, ஈரம் கலந்த ஒரு திரவம். நாக்கிங்கில் பிஸ்டனுக்கு ஆபத்து. தவிர, திறந்த கேனில் லிட்டர் கணக்கில் பெட்ரோலைக் குலுக்குவது தீயோடு விளையாடுவது. மிஞ்சிய எத்தனால் தண்ணீரை எங்கே கொட்டுவீர்கள்?

அதே வித்தையைச் சின்ன அளவில், சோதனைக்காக மட்டும் செய்யலாம். நூறு மி.லி. அளவு ஜாடியில் 80 மி.லி. பெட்ரோல், 20 மி.லி. தண்ணீர். மூடி மெதுவாகத் தலைகீழாக்கி, நிமிர்த்தி, ஒரு தடவை மூடியைத் திறந்து வாயுவை விட்டுவிட்டுப் பத்து நிமிஷம் வையுங்கள். கீழே நிற்கிற அடுக்கு 20 மி.லி.யைத் தாண்டி எவ்வளவு ஏறியிருக்கிறதோ அது எத்தனால். கோடு 36இல் நின்றால் 16 மி.லி., 80இல் 16 என்றால் 20 சதவீதம். வெளியில், நெருப்பு, சுவிட்ச் எதுவும் பக்கத்தில் இல்லாமல்.

#12 சோக்குக்கேபிள்

செய்தேன் அக்கா! குழந்தை மருந்து கலக்குகிற மாதிரி அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். கோடு தெளிய நேரம் பிடித்தது, நடுவில் முதலில் பால் போல ஒரு பட்டை, அப்புறம் அது மெல்ல மெல்லக் கரைந்து ஒரு கூர்மையான கோடு. 36க்கு ஒரு முடி கீழே. ஆக வாங்கியது இ20தான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. கலப்படம் என்று நான் பங்க்காரரைச் சந்தேகப்பட்டது தப்பு.

#13 கரிப்பிடித்தகை

சரி, இப்போது வேலைக்கு வருவோம். தம்பி, என்னவெல்லாம் போகும் என்று கேட்டீர்கள்.

முதலில் ரப்பர், ரப்பர், ரப்பர். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை ஓர் அங்குல ரப்பரைக் கூட விடாதீர்கள். டேங்குக்குப் பக்கத்தில், வண்டிக்கு அடியில், கை எட்டாத இடத்தில் ஒரு துண்டு இருக்கும். எல்லோரும் பானட்டுக்குள் தெரிகிறதை மட்டும் மாற்றிவிட்டு அதை விட்டுவிடுவார்கள். புதிய ஹோஸின் மேல் "எஸ்ஏஇ ஜே30 ஆர்9" என்று அச்சடித்திருக்கவேண்டும். உள்பக்கம் ஃப்ளோரோ ரப்பர் பூச்சு இருக்கும். ஆர்6 சாதாரண நைட்ரைல் ரப்பர், விலை பார்த்து அதை வாங்காதீர்கள். அச்சில்லாத ஹோஸை எடுத்துக்காட்டி "அதேதான் சார்" என்பார்கள், நம்பாதீர்கள்.

அடுத்து பம்ப் டயாஃப்ரம், அதாவது உள்ளே இருக்கிற ரப்பர் சவ்வு. இது கிழிந்தால் பெட்ரோல் வெளியே மட்டுமல்ல, இன்ஜின் ஆயிலுக்குள்ளும் இறங்கும். டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கிற கம்பி) எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் பம்ப்பை உடனே கழற்றுங்கள், ஆயிலையும் மாற்றுங்கள். கார்புரேட்டரில் ஆக்ஸிலரேட்டர் பம்ப் டயாஃப்ரம், நீடில் வால்வின் நுனி, கார்க் கேஸ்கெட். எல்லாவற்றுக்கும் வைட்டன் (ஃப்ளோரோ ரப்பர்) என்று கேட்டு வாங்குங்கள்.

ஃப்ளோட் பவுலை (கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்குகிற கிண்ணம்) திறந்தால் ஓரத்தில் வெள்ளையாகப் பவுடர் படிந்திருக்கும். அழுக்கு என்று துடைத்துவிட்டு மூடுகிறவர்கள் உண்டு. அது அழுக்கில்லை, துத்தநாகக் கலவையில் வார்த்த பவுலே கரைந்து வருவது. எத்தனால் கலந்த பெட்ரோலில் மின்சாரம் கொஞ்சம் சுலபமாக ஓடும். பித்தளை ஜெட், துத்தநாக பவுல், இடையில் ஈரம். பேட்டரி மாதிரி ஒன்று உள்ளேயே உருவாகிவிடுகிறது. ஓடுகிற வண்டியில் இது மெதுவாக நடக்கும், நிற்கிற வண்டியில் சீக்கிரம் நடக்கும்.

டேங்கின் உள்ளே முன்பு யாராவது ஓட்டை அடைக்க எபாக்ஸி பூசியிருந்தால் அது உரிந்து வரும். என் பட்டறையில் ஒரு வண்டி மூன்று தடவை திரும்பி வந்தது. மூன்றாவது தடவைதான் ஃபில்டரில் பிளாஸ்டிக் தோல் மாதிரி ஒரு சுருளைப் பார்த்தேன். அதுவரைக்கும் கார்புரேட்டரையே திட்டிக்கொண்டிருந்தேன்.

ஜெட்டைக் கடைசியில் தொடுங்கள். ஏர் ஸ்க்ரூ ஐட்லிங்கை மட்டும்தான் சரிசெய்யும், ஓட்டத்தில் வருகிற திணறலைத் தீர்க்காது.

#14 ரசாயனி

ஜெட்டுக்கு ஒரு கணக்கு: ஏழு எட்டு சதவீதம் அதிகம் பெட்ரோல் போகவேண்டும். ஆனால் அது ஓட்டையின் பரப்பளவு, விட்டம் அல்ல. வர்க்கமூலம் எடுத்தால் விட்டம் நாலு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடினால் போதும். 112.5 ஜெட் என்றால் 116 - 117 வரும், கடையில் கிடைக்கிறது 117.5. எட்டு சதவீதம் என்று படித்துவிட்டு 120க்குப் போனவர்கள் பிளக்கைக் கரியாக்கிக்கொள்வார்கள்.

#15 கரிப்பிடித்தகை

அக்கா சொன்ன கணக்கை இருபது வருஷமாகக் கையால் செய்துகொண்டிருக்கிறேன், இன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது. 😀 தம்பி, ஒரே ஒரு படி மேலே போங்கள், ஓட்டுங்கள், பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாக வறண்டிருந்தால் இன்னும் லீன். காப்பித்தூள் நிறம் வந்ததும் நிறுத்துங்கள்.

#16 நிறுத்திவைத்தவன்

என்னுடைய பழைய வண்டி மழைக்காலம் முழுக்க மூடியே நிற்கும். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி டேங்குக்குள் பிரிந்துவிடும் என்கிறார்கள். டேங்கை நிரப்பி வைப்பதா, காலி செய்து வைப்பதா? இரண்டும் சொல்கிறார்கள்.

#17 ரசாயனி

இதில் ஒரு பயம் தேவைக்கு மேல் பரவியிருக்கிறது. சாதாரண மூடியிட்ட டேங்கில் காற்று ஈரத்தை மட்டும் உறிஞ்சி அடுக்காகப் பிரிகிற அளவுக்குப் போவதற்கு நிறைய காலம் ஆகும். இ10 கலவை 15 டிகிரியில் அரை சதவீதம் வரை தண்ணீரைத் தனக்குள் கரைத்துவைக்கும். எத்தனால் இல்லாத பெட்ரோலில் அந்தத் தண்ணீர் நேராக அடியில் போய் நின்றிருக்கும். இ20 இன்னும் அதிகம் தாங்கும். அதாவது சதவீதம் கூடக் கூடப் பிரிவது கடினமாகிறது. எனக்கே முதலில் இது தலைகீழாகப் பட்டது.

ஆபத்து வேறு வழியில் வருகிறது: மூடியின் வாஷர் கெட்டு மழைத்தண்ணீர் சொட்டுவது, பாதி காலியான டேங்கின் சுவரில் இரவில் நீர் கோத்து இறங்குவது. எல்லையைத் தாண்டியதும் ஒரே நேரத்தில் பிரியும், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் போகும். பிக்அப் குழாயும் அடியில்தான் இருக்கிறது. ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் குடிப்பது அதைத்தான். அதனால் நிரப்பி வைப்பது மேல், காற்றுக்கு இடம் குறைவு. ஆனால் மாதக்கணக்கில் என்றால் கார்புரேட்டர் பவுலை மட்டும் காலி செய்துவிடுங்கள், அங்கேதான் முதலில் பிசின் படியும்.

#18 கணக்கன்

பெட்ரோலை மாற்றினது அவர்கள், பவுலைக் காலி செய்கிறது நாம். சரி, நடக்கட்டும்.

#19 நெறியாளர்

கணக்கன், கொள்கை விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தாராளமாக எழுதுங்கள். இங்கே வண்டி மட்டும்.

#20 சோக்குக்கேபிள்

ஒரு மாதம் ஆகிவிட்டது. நடந்தது இதுதான்.

எல்லா ஹோஸும் ஆர்9. டேங்குக்கு அடியில் இருந்த துண்டு, அண்ணன் சொன்னது போலவே, கழற்றும்போது கையோடு இரண்டாக வந்துவிட்டது. டிப்ஸ்டிக்கில் வாடை இருந்தது. பம்ப் டயாஃப்ரத்தில் ஓரமாக ஒரு கிழிசல். புது டயாஃப்ரம், ஆயில் மாற்றம். பவுலில் வெள்ளைப் பவுடர் இருந்தது, ஆனால் கைக்குப் பள்ளம் தட்டுப்படவில்லை, தப்பித்தது.

ஃபில்டரை ஒரு மாதத்தில் இரண்டு தடவை மாற்றினேன். முதல் தடவை காப்பி நிறத்தில் சேறு, இரண்டாவது தடவை பாதிதான். பழைய டேங்கில் வருஷக்கணக்கில் படிந்ததை எத்தனால் கரைத்து அனுப்புகிறது போலிருக்கிறது. மூன்றாவது ஃபில்டர் இதுவரை தெளிவாக இருக்கிறது. கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஃபில்டர் போட்டிருக்கிறேன், பானட்டைத் திறந்தாலே தெரியும்.

மெயின் ஜெட் 112.5இலிருந்து 117.5. திணறல் போய்விட்டது. பிளக் நிறம் அண்ணன் சொன்ன நிறம். மைலேஜ் பற்றிப் பேச வேண்டாம், கணக்கன் அண்ணனுக்கு மறுபடியும் கோபம் வரும்.

ஒன்றே ஒன்று மிச்சம். வெயிலில் அரை மணி ஓட்டி நிறுத்திவிட்டு, பத்து நிமிஷம் கழித்து ஸ்டார்ட் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறது. இருபது நிமிஷம் விட்டால் ஒன்றுமே நடக்காதது போல எடுத்துக்கொள்கிறது. முன்பு எப்போதாவது நடந்ததுதான், இப்போது அடிக்கடி.

#21 ரசாயனி

அது வேப்பர் லாக் (பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி ஓட்டத்தைத் தடுப்பது) போலத் தெரிகிறது. தனி எத்தனால் 78 டிகிரியில்தான் கொதிக்கும், ஆனால் பெட்ரோலோடு சேர்ந்தால் அதைவிடக் கீழேயே நிறைய ஆவியாகிவிடுகிறது. நிறுத்தியதும் விசிறிக் காற்று நின்றுபோய் இன்ஜின் சூடு முழுக்க பம்ப்பிலும் ஹோஸிலும் ஏறும். அந்தப் பத்து நிமிஷம்தான் உச்சம். அடுத்த தடவை நடக்கும்போது ஃபில்டருக்குள் பெட்ரோல் நிற்கிறதா, வெறும் குமிழியா என்று பாருங்கள்.

#22 கரிப்பிடித்தகை

புது ஹோஸை எந்த வழியாக ஓட்டினீர்கள்? பழையது போன வழியிலா, இல்லை நீளம் போதாமல் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் பக்கமாகச் சுற்றிவிட்டீர்களா? பம்ப்புக்கும் பிளாக்குக்கும் நடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு கெட்டி அட்டை இருந்திருக்கும், டயாஃப்ரம் மாற்றும்போது அதைத் திரும்பப் போட்டீர்களா? பானட்டைத் திறந்து ஒரு போட்டோ போடுங்கள் தம்பி, பம்ப் தெரிகிற மாதிரி.